புருசன் வேடம்

அன்றைக்குப் புருசனாக நடிக்க ஒரு ஆள் குறைந்தது. வட்டமாகப் போட்டிருந்த கதிரைகளில் பெண்கள் இரண்டிரண்டு பேராகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள். தெண்டாய் மட்டும் கையில் ஒரு மஞ்சள் அட்டையுடன் எதிரே இருந்த வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு வழக்கமாகச் சேரும் பெண்ணின் பிள்ளைக்குக் காய்ச்சல், வரவில்லை. குழுவை நடத்தும் அபெனா மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். மூலை மேசையில், விரல் நுனியில் இரத்தம் எடுக்கும் ஊசிகளையும் பஞ்சையும் அடுக்கிக்கொண்டிருந்த கிளறிற்றாவில் அவளுடைய கண் நின்றது.

"சிஸ்டர், இண்டைக்கு நீங்கள் புருசன்," என்றாள். "லேசிலை விட்டுக்குடுக்கக் கூடாது."

அபெனா பேசியது ஆங்கிலம்தான். அவள் அக்ராவிலிருந்து வந்தவள். தெண்டாய் ஹராரே, பின்டு ஃப்ரீடவுன், மற்றவர்கள் லாகோஸ், கம்பாலா. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஆங்கிலம் இருந்தது. ஆனால் இத்தனை வியாழக்கிழமைகள் கேட்டுக் கேட்டு அதெல்லாம் கிளறிற்றாவின் காதுக்குள் அவளுடைய மன்னார்த் தமிழாகவே வந்து விழத் தொடங்கியிருந்தது. இல்ஃபோர்ட் பெருந்தெருவுக்குப் பின்னால் உள்ள தேவாலய மண்டபம் அது. வாசலில் 'பெண்கள் நலம்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு சொற்களுக்குள் என்ன பேசப்படுகிறது என்பது வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும். பின்டு தன் வீட்டில் தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறாள். போன கிழமை அவளுடைய புருசன் இரண்டு காற்சட்டைகளைக் கொடுத்து, கால் வெட்டித் தைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தான். கம்பாலாக்காரி ஒருத்தி பேச்சைக் கேட்டபடியே அதைத் தைத்து முடித்தாள். "இனி சேட்டும் தந்து விடுவார், பாருங்கோ," என்றாள் பின்டு. "தையலாவது பழகிக்கொண்டு போகவேணும் போல கிடக்கு."

கிளறிற்றா கிளினிக்கில் உதவியாளர். நோய்த்தொற்றுப் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும், கேட்டால் விளக்கம் சொல்வதும் அவளுடைய வேலை. பூசைக்கு வரும் தமிழ்ச் சனத்திடம் "ஆசுப்பத்திரியிலை இரத்தம் எடுக்கிறன்" என்று நிறுத்திக்கொள்வாள். எதற்கு எடுக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் அவளுக்கு எந்தச் சொல்லும் கூசாது. ஆணுறையை எப்படிப் போடுவது, எந்தத் தொற்று எத்தனை நாளில் தெரியும், பெண்ணுக்கு எது இயல்பு, எது இயல்பில்லை, எல்லாவற்றையும் பஸ் வழி சொல்வதைப் போலச் சொல்வாள். போன கிழமை லாகோஸ்காரி ஒருத்தி, ஐம்பதைத் தாண்டியவள், கையை உயர்த்தி, "மாதவிலக்கு நிண்டதுக்குப் பிறகு புருசனோடை படுத்தா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரிக் கிடக்கு, இது எனக்கு மட்டுமோ?" என்று கேட்டாள். பிறகு அங்கும் இங்குமாக 'ம்ம்' என்ற ஒலி எழுந்து சேர்ந்தது. பாட்டுக்கு முன் சுருதி சேர்ப்பதைப் போல இருந்தது. கிளறிற்றா எழுந்து நின்று, உடம்பில் சுரப்புக் குறைவதால் உள்தோல் மெலிந்து வறண்டுபோகிறது, அதற்குக் கிறீம் இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும், பொறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றெல்லாம் சொன்னாள். தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவள் சொன்னது முழுக்கத் தன் உடம்பைப் பற்றி.

வீட்டில் இந்தப் பேச்சு இல்லை. அவளும் அலோசியஸும் கலியாணம் கட்டிய நாளிலிருந்து அதைப் பற்றி ஒரு வசனம் பேசியதில்லை. பேசாமலே எல்லாம் நடந்தது, பேசாமலே நல்லாகவும் இருந்தது. அலோசியஸ் தகப்பனின் வழக்கத்தைக் கைவிடாதவர். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போவார். நாற்பது நாளும் அங்கே தரையில் பாயில்தான் படுக்கை. உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து வந்ததும் தலையணை தானாகத் திரும்பி வரும். இலண்டனுக்கு வந்தும் ஒரு வருடம் கூடத் தவறவில்லை. அந்த இரவுக்காக அவள் கட்டிலில் புதுத் துணி விரித்து வைப்பாள். அதையும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மூன்று வருடங்களுக்கு முந்திய ஒரு தவக்காலத்துக்குச் சற்று முன்னர்தான் ஒன்றாகப் படுக்கும்போது அவளுக்கு வலி, அவர்கள் ஊரில் சொல்கிற நோ, தொடங்கியது. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டாள். விபூதிப் புதன் வந்து அவர் தலையணையோடு போனபோது அவளுக்கு வந்தது ஆறுதல். அந்த ஆறுதலை எண்ணிப் பிறகு வெட்கப்பட்டாள். நாள் நெருங்க நெருங்கப் பயம் கூடியது. உயிர்த்த ஞாயிறன்று பாஸ்குப் பூசை முடிந்து வந்ததும், களைப்பாயிருக்கிறது என்று சொல்லிப் போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். அந்த வீட்டில் அந்தக் கதவு அதற்கு முன் சாத்தப்பட்டதில்லை. கதவுக்கு வெளியே பலகை கிறீச்சிட்டது, நின்றது, வெகுநேரம் கழித்து மறுபடி கிறீச்சிட்டது. அவர் முன்னறைக்குத் திரும்பிப் போய்ச் சோபாவில் படுத்தார். அதன் பிறகு வரவில்லை. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது "வெயில் வரும் போல" என்றார். அவளும் "ஓம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த தவக்காலத்தில் எடுத்துக்கொண்டு போவதற்கு அவருடைய தலையணை இந்த அறையில் இல்லை.

மகள் றொசாந்தி கலியாணம் கட்டி ரெய்னர்ஸ் லேனுக்குப் போனபோது தன் கட்டிலையும் கழற்றிக்கொண்டு போனாள். அந்த அறை வெறுமையாகக் கிடந்தது. இந்தத் திங்கட்கிழமை சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே அலோசியஸ் சொன்னார்: "சோபாவிலை படுத்து முதுகு பிடிக்குது. சனிக்கிழமை றொம்ஃபோர்ட் பக்கம் போய் ஒரு தனிக் கட்டில் பாத்தா என்ன? பிள்ளையின்ரை அறை சும்மாதானே கிடக்கு." அவள் சரி என்றாள். சொன்ன பிறகு சட்டியைத் தேய்த்த இடத்திலேயே தேய்த்துக்கொண்டு நின்றாள். சோபாவில் படுக்கிற ஆள் எந்த நாளும் எழும்பி வரலாம். கட்டில் வாங்கிவிட்டால் அது அவருடைய அறை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. சனிக்கிழமைக்கு முன் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்பது மட்டும் தெரியவில்லை.

கிளறிற்றா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து தெண்டாய்க்கு எதிரே உட்கார்ந்தாள். தெண்டாய் நாற்பது வயதிருக்கும். முதியோர் இல்லத்தில் வேலை. ஒல்லியான, கூர்மையான வாய்க்காரி. அவளுடைய புருசன் தாயின் சாவுக்கு ஊருக்குப் போய், காணி வீட்டு அலுவல் என்று மாதக்கணக்கில் அங்கேயே நின்றுவிட்டு, வருகிற கிழமை திரும்பி வருகிறான். இருவரும் இரத்தம் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஒன்றாகப் படுக்க வேண்டும், அதுவரை ஆணுறை வேண்டும் என்று அவள் அவனிடம் கேட்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஒத்திகை. மஞ்சள் அட்டையில் மூன்று வரிகள் அச்சிட்டிருந்தன. அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். கண்ணைப் பாருங்கள். 'நான்' என்று தொடங்குங்கள்.

தெண்டாய் அட்டையைப் பார்த்து மூச்சு விட்டாள். "பாபா தவாண்டா," என்றாள்.

"பெயர்," என்றாள் அபெனா.

"இதுதான் பெயர், அன்ரி. மூத்தவன் தவாண்டா. பாபா எண்டா அவன்ரை அப்பா. கலியாணம் கட்டின நாளிலை இருந்து நான் வேறை பெயர் சொன்னதில்லை. இப்ப திடீரெண்டு ஜோசப் எண்டு கூப்பிட்டா, நான் லோயரிட்டைப் போயிட்டு வந்திட்டன் எண்டு நினைப்பார்."

மண்டபம் சிரித்தது. கிளறிற்றாவும் சிரித்தாள். அவளும் 'இஞ்சேருங்கோ' என்பதைத் தவிர எதையும் சொல்லி அலோசியஸை அழைத்ததில்லை; பிறத்தியாரிடம் பேசும்போது 'றொசாந்தியின்ரை அப்பா'. அந்த அட்டையை அச்சிட்டவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அபெனா கையை விரித்தாள். "சரி. பாபா தவாண்டாவே இருக்கட்டும். தொடங்கு."

"பாபா தவாண்டா, நான் உங்களோடை ஒரு விசயம் கதைக்க வேணும்."

கிளறிற்றாவுக்கு நடிக்கத் தெரியாது. புருசன் என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒருவர். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தாள். பெருவிரலால் சுட்டுவிரல் நகத்தை மெதுவாக உரசினாள். தெண்டாயின் தோளுக்கு அப்பால், தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில், தேவாலயத்தின் தீயணைக்கும் கருவியைப் பார்த்துக்கொண்டு, "ம்," என்றாள்.

தெண்டாய் சொன்னாள். நான் உங்களில் சந்தேகப்படவில்லை என்றாள். கனநாள் பிரிந்திருந்தோம் என்றாள். நானும் சோதிக்கிறேன், நீங்களும் சோதியுங்கள் என்றாள். கிளறிற்றா தீயணைக்கும் கருவியைப் பார்த்தபடி இருந்தாள். பக்கத்து இணைகளில் புருசன்மார் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேசையில் குத்தி, "யார் உனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது, அந்தத் தையல்காரிகளோ?" என்று கேட்டுச் சிரிப்பு வாங்கினாள். மெல்ல மெல்ல அந்தச் சத்தங்கள் அடங்கின. எல்லோரும் இந்தப் பேசாத புருசனைத் திரும்பிப் பார்த்தார்கள். தெண்டாய் மறுபடி தொடங்கினாள், வேறு விதமாகச் சொன்னாள், குரலை உயர்த்தினாள். கிளறிற்றா "ம்" என்றாள். தெண்டாயின் அட்டை மடியில் விழுந்தது. கண் கலங்கியிருந்தது. கோபத்திலா என்று தெரியவில்லை.

"இந்த மனுசனை எங்கை பிடிச்சனீங்கள்?" என்றாள். "சண்டை பிடிக்கிறவன் எண்டா எனக்கு மறுமொழி தெரியும். இது ஆளில்லாத வீட்டிலை மணி அடிக்கிற மாதிரிக் கிடக்கு."

அபெனா கிளறிற்றாவின் பக்கத்தில் வந்து குந்தினாள். பெரிய உடம்பு, முழங்கால் சொடுக்கும் சத்தம் கேட்டது. "எழும்பாதேங்கோ. அப்பிடியே இருங்கோ. நான் புருசனிட்டைக் கேக்கிறன். ஏன் ஐயா கதைக்கிறியள் இல்லை?"

கிளறிற்றாவின் பெருவிரல் இன்னும் நகத்தை உரசிக்கொண்டிருந்தது. அந்த மௌனத்துக்கு வெளியே இருந்துதான் அவள் இவ்வளவு காலமும் அதைப் பார்த்திருக்கிறாள். அங்கிருந்து பார்க்க அது ஒரு சுவர். சில நாளில் கோபம், சில நாளில் அலட்சியம், அதிகமான நாட்களில் ஒன்றுமே இல்லை. இப்போது உள்ளே உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெறுமையாக இல்லை. தெண்டாய் வாயைத் திறக்கும்போதெல்லாம் அடுத்த சொல் என்ன, அடுத்த சொல் என்ன என்று உடம்பு முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. தீயணைக்கும் கருவியைப் பார்ப்பது அதனால்தான். அடி விழப்போகிறது என்று தெரிந்தவன் அடிக்கிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

"அவருக்குப் பயம்," என்றாள்.

"எதுக்குப் பயம்?"

"தன்னை வேண்டாம் எண்டு சொல்லப்போறா எண்டு." குரல் அவளுடையதாக இல்லை. "அது தனக்கு முதலே தெரியும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். ஆனா காதாலை கேக்க விருப்பமில்லை. கதைக்காமல் இருந்தா அதைச் சொல்ல மாட்டா."

வெளியே தெருவில் ஒரு பஸ் நின்று, மூச்சு விட்டு, புறப்பட்டுப் போனது. தெண்டாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாகோஸ்காரி மட்டும் அடித்தொண்டையில் 'ம்ம்' என்றாள்.

"கண்ணைப் பாத்துக் கதைக்கிறதெண்டா எங்கடை ஆக்களுக்குச் சண்டை," என்றாள் பின்டு கடைசியாக. "நான் முக்கியமான கதை ஒண்டும் வீட்டிலை கதைக்கிறேல்லை. காருக்குள்ளைதான். அவர் றோட்டைப் பாக்க வேணும், என்ரை முகத்தைப் பாக்கத் தேவையில்லை. கோவம் வந்தாலும் இறங்கி ஓடேலாது."

"அப்ப தையல் வகுப்புக் கதையையும் காருக்குள்ளை சொல்லன்," என்றாள் கம்பாலாக்காரி.

"சொல்லத்தான் போறன். காற்சட்டை முழுக்கத் தைச்சு முடியட்டும்."

அபெனா எழுந்து, தெண்டாயின் கதிரையைத் தூக்கிக் கிளறிற்றாவின் கதிரைக்குப் பக்கத்தில், ஒரே திசையைப் பார்க்க வைத்தாள். மஞ்சள் அட்டையை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தெண்டாய் உட்கார்ந்து, காரில் இருக்கைப் பட்டி போடுவதைப் போலச் செய்தாள். இருவரும் தீயணைக்கும் கருவியைப் பார்த்தார்கள். கொஞ்சத் தூரம் பேசாமலே போனார்கள்.

"பாபா தவாண்டா, நீங்கள் வாறது எனக்குச் சந்தோசம்," என்றாள் தெண்டாய். "அதை முதல் சொல்லிப்போட்டு மற்றதைச் சொல்லுறன். இப்ப மறுமொழி சொல்லத் தேவையில்லை."

கிளறிற்றாவின் பெருவிரல் நகத்தை உரசுவதை நிறுத்தியது. "ம்," என்றாள். அதே ஒலிதான். ஆனால் மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் அது வேறாகக் கேட்டிருக்க வேண்டும். யாரோ கைதட்டினார்கள். பிறகு விரலில் ஊசி குத்தும்போது தெண்டாய் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "உங்கடை மனுசன்தானே அது?" கிளறிற்றா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓம் என்று தலையாட்டினாள்.

அடுத்த நாள் கிளினிக்கில் கடைசி நோயாளியும் போன பிறகு அவள் டொக்டரின் கதவைத் தட்டினாள். மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே வசனங்களைத் தனக்காகச் சொன்னபோது நடுவில் இரண்டு தரம் நின்றுபோனாள். டொக்டர் பரிசோதித்துவிட்டு மருந்து எழுதித் தந்தார்.

சனிக்கிழமை ஏ12 சாலையில் போக்குவரத்து குறைவாக இருந்தது. அலோசியஸ் வழக்கம்போல இடது ஓரமாக, யாரையும் முந்தாமல் ஓட்டினார். தமிழ் வானொலியில் நினைவஞ்சலி அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது. கிளறிற்றா கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"ஏன், தலையிடியே?"

"இல்லை. இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லப்போறன். நீங்கள் இப்ப மறுமொழி சொல்ல வேண்டாம். றோட்டைப் பாருங்கோ."

அவருடைய பெருவிரல் ஸ்டியறிங்கில் சுட்டுவிரல் நகத்தைத் தேடிப் போனது. அவள் அதைப் பார்த்தாள். உள்ளே இப்போது என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கு உங்களிலை வெறுப்பில்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அதை முதல் சொல்லுறன்." கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பாஸ்குவுக்கு நான் நித்திரை இல்லை. கதவைச் சாத்திப்போட்டு முழிச்சுக்கொண்டுதான் கிடந்தனான். எனக்கு நோ. உங்களோடை இருக்கேக்கை நோ. தாங்கேலாத நோ. சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதுதான்."

அலோசியஸ் றோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். ஒரு சிவப்பு விளக்கில் நின்றார்கள். பச்சை வந்ததும் புறப்பட்டார்கள். இவ்வளவு காலமும் இப்படியொரு மௌனம் வந்தால் அவள்தான் அதை மூடுவாள். சரி விடுங்கோ, இறைச்சி வாங்கவேணும், பிள்ளை போன் எடுத்தவள் என்று எதையாவது அள்ளிப் போட்டு நிரப்புவாள். இன்றைக்கு அதைத் திறந்தபடியே விட்டாள். ஒரு சுற்றுவட்டம் போனது. ஒரு பெற்றோல் நிலையம் போனது.

"நேற்று டொக்டரிட்டைக் காட்டினனான். மருந்து இருக்காம். கொஞ்ச நாள் எடுக்குமாம், ஆனாச் சரிவருமாம்."

"ம்," என்றார்.

கட்டில் கடையின் பெரிய கார் தரிப்பிடத்துக்குள் திரும்பி, கடை வாசலுக்கு எதிராக ஓர் இடத்தில் நிறுத்தினார். என்ஜினை நிறுத்தவில்லை. இரண்டு பேரும் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வந்தனான்," என்றார். "அண்டைக்குக் கதவடிக்கு வந்தனான்."

"தெரியும். பலகைச் சத்தம் கேட்டது."

"கனநேரம் நிண்டனான்."

"ஒருக்காத் தட்டியிருக்கலாமே."

"நீர் சாத்தின கதவு," என்றார் பிறகு. "அதை எப்பிடித் தட்டுறது? நான் நினைச்சன், உமக்கு இந்தச் சீவியம் போதும் போல எண்டு." கடை வாசலைப் பார்த்தபடியே கேட்டார்: "கனக்க நொந்ததே?"

மூன்று வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள். அவர் பார்த்தாரோ தெரியாது. கியரின் மேல் இருந்த அவருடைய கை அவளுடைய கைப்பைக்குப் பக்கத்தில் வந்து, அங்கேயே கிடந்தது.

கடைக் கதவு திறந்து இளம் சோடியொன்று வெளியே வந்தது. பிளாஸ்டிக் சுற்றிய பெரிய மெத்தை ஒன்றை இருவரும் தலைக்கு மேல் தூக்கி, தங்களுடைய சின்னக் காரின் கூரையில் போட்டார்கள். அது இரண்டு பக்கமும் வழிந்து தொங்கியது. கயிறு கொண்டு வரவில்லைப் போலும். பெண் எதையோ சொல்லிச் சிரித்தாள். பையன் தலையைச் சொறிந்தான். பிறகு இருவரும் ஏறி, ஆளுக்கொரு ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உப்பிடிக் கொண்டு போகேலாது," என்றார் அலோசியஸ். "றோட்டிலை விழப்போகுது."

ஆனாலும் தனிக் கட்டில் பார்க்க இறங்காமல் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் நடக்கிற வேகத்தில் அவர்களைக் கடந்து போனது. வேகத்தடையில் ஏறியபோது மெத்தை காற்றில் ஒருமுறை எழும்பி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கையும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கையும் அழுத்த, மறுபடி கூரையில் படிந்து இருந்தது. தரிப்பிடத்தின் வாசலில் கார் வெகுநேரம் நின்றது, பெருந்தெருவில் ஒரு இடைவெளி கிடைப்பதற்காக. கைகள் இரண்டும் வெளியே நீண்டபடியே இருந்தன.